சோதனை ஆணை

பினாங்கு லிட்டில் இந்தியாவில் நகைக்கடைகளும் துணிக்கடைகளும் வரிசையாக அமைந்துள்ளன. அங்குள்ள ஒரு கடை, திருட்டு நகைகளை வாங்கி விற்பதாகக் காவல் துறைக்குத் தகவல் கிடைக்கிறது என வைத்துக்கொள்வோம். காவலர்கள் உடனே உள்ளே நுழைந்து தேடலாமா?

பொதுவாக, அதற்குச் சோதனை ஆணை தேவை. மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, மாஜிஸ்திரேட் தகவலைக் கேட்டு, தேவையான விசாரணை செய்து, நம்பத்தக்க காரணம் இருந்தால் மட்டுமே எழுத்து வடிவில் ஆணை பிறப்பிப்பார். வெறும் வதந்தி போதாது.

பூட்டிய கடையாயினும், ஆணையைக் காட்டிக் கேட்டால் பொறுப்பாளர் கதவைத் திறந்துவிட வேண்டும். அவருக்கும் உரிமைகள் உண்டு. சோதனையின்போது அவர் உடனிருக்கலாம். கைப்பற்றப்படும் பொருள்களுக்குப் பட்டியல் தயாரிக்கப்பட வேண்டும். அவர் கேட்டால், கையொப்பமிட்ட நகலை அவருக்குக் கொடுக்க வேண்டும்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. ஆணை பெறும் வரை காத்திருந்தால் திருட்டுப் பொருள் வேறிடத்திற்கு மாற்றப்படும் எனக் கருத நல்ல காரணம் இருந்தால், 62ஆம் பிரிவின்படி, இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட பதவியில் உள்ள அதிகாரி ஆணையின்றியே சோதனையிடலாம்.

நகையைப் பறிகொடுத்தவருக்கு நீதி கிடைக்க வேண்டும். குற்றமற்ற வணிகரின் நற்பெயரும் கெடக்கூடாது. சோதனை ஆணை இவ்விரண்டையும் காக்கிறது.