இதை யார் சொன்னது?

நோர்வேக்குப் புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பற்றிச் சொல்லப் பல விடயங்கள் உண்டு. இம்முறை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். கட்டுரை எழுதும்போது பிறருடைய கருத்தையோ தகவலையோ எடுத்தால், அது எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதவேண்டும். கேட்கச் சின்ன விடயம். எங்கள் வீட்டில் ஒரு கிழமை நிம்மதியைக் கெடுத்த விடயம்.

நாங்கள் இருவரும் ஊரில் ஓ.எல். உடன் படிப்பை விட்டவர்கள். இங்கே வடக்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. மூத்தவன் எட்டாம் வகுப்பு. சமூகக்கல்விப் பாடத்துக்கு, தன் குடும்பத்துக்கு முக்கியமான ஒரு சம்பவத்தைப் பற்றி எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். அவன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை எடுத்தான். எங்களுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். வேலையால் வந்த களைப்பையும் பாராமல் இருந்து சொல்லிக் கொடுத்தோம். 1981ஆம் ஆண்டு மே 31 இரவு வைத்த தீ, 97,000 புத்தகங்கள், எரிவதைப் பார்த்த தாவீது அடிகள் அந்த இடத்திலேயே உயிர்விட்டார் என்ற கதை, எல்லாவற்றையும் சொன்னோம்.

கட்டுரை திரும்பி வந்தபோது அதில் சிவப்பாக இரண்டு குறிப்புகள். நடுப்பகுதியில் ஒரு பந்தி முழுவதையும் கோடிட்டு, "இவை உன் வசனங்கள் அல்லவே, யாருடையவை?" என்று ரீச்சர் கேட்டிருந்தார். 97,000க்கும் தாவீது அடிகளுக்கும் பக்கத்தில் 'ஷில்டே?' என்று ஒரே ஒரு சொல். மூலம் எது என்பது அதன் கருத்து. நோர்வேஜிய மொழியில் நீர் ஊற்றுக்கும் அதே சொல்தான்.

முதலாவது குறிப்பில் பிழை எங்கள் பக்கம். இணையத்தில் இருந்த ஆங்கிலக் கட்டுரை ஒன்றைக் கம்பியூட்டரில் போட்டு மொழிமாற்றி அப்படியே ஒட்டியிருக்கிறான். "மொழியை மாத்தினா அது என்ரதுதானே அப்பா?" என்று கேட்டான். எங்களுக்கும் பதில் தெரியவில்லை. ஊரில் எங்களுக்குப் படிப்பித்த முறை அப்படி. ரியூசன் வாத்தியார் தரும் நோட்ஸைப் பாடமாக்கி, ஒரு சொல் தவறாமல் பரீட்சையில் எழுதினால் அதுதான் கெட்டித்தனம். அது யார் எழுதியது என்று ஒருநாளும் ஒருவரும் கேட்டதில்லை. ஊரில் முழுப் புள்ளி வாங்கித் தந்த அதே பழக்கத்துக்கு இங்கே களவு என்று பெயர்.

ஆனால் இரண்டாவது குறிப்பு எங்களைச் சுட்டது. நூலகம் எரிந்தது பொய் என்கிறாரா இந்த மனுசி? அடுத்த நாளே நேரம் கேட்டுப் போனோம். ரீச்சர் கோபப்படவில்லை. "நான் நம்புகிறேன். ஆனால் உங்களைத் தெரியாத ஒருவர் இதைப் படித்தால் எங்கே போய்ச் சரிபார்ப்பது?" என்றார். பிறகு, "நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

நாங்கள் இருவருமே 1981க்குப் பிறகு பிறந்தவர்கள்.

அகதி விசாரணையிலும் எங்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நீர் கண்டதா, கேட்டதா? கேட்டதென்றால் யாரிடம்? அப்போது அதை எங்களைக் கவிழ்க்கும் கேள்வி என்று நினைத்திருந்தோம்.

பெரிய இடங்களிலும் இது விளையாட்டில்லை. இந்த நாட்டிலே ஒரு மாணவி, சித்தியடையாத தன் பழைய பரீட்சைத் தாளில் இருந்தே சில பகுதிகளை மீண்டும் எழுதியதற்காக இரண்டு தவணை விலக்கப்பட்டார். வழக்கில் அவர் வென்றபோது, அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதைக் கண்டு சினந்த வேறொரு மாணவர், அப்போது உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்த சான்ட்ரா போர்க் 2014இல் எழுதிய முதுமாணி ஆய்வை எடுத்துப் பார்த்தார். பிறருடைய வசனங்கள், எழுத்துப்பிழைகள் உட்பட, பெயர் சொல்லாமல் அதில் இருந்தன. 2024 சனவரி 19இல் அமைச்சர் பதவி விலகினார். அதே ஆண்டு ஏப்ரலில் சுகாதார அமைச்சர் இங்வில்ட் ஷெர்கோலும் ஆய்வேட்டுச் சிக்கலில் பதவி இழந்தார். வேண்டுமென்று செய்யவில்லை என்று அவர் சொன்னார். பல்கலைக்கழகம் அதை ஏற்கவில்லை. மந்திரிக்கே இப்படியென்றால் எட்டாம் வகுப்புப் பெடியனுக்கு ரீச்சர் சிவப்புப் பேனையோடு விட்டது பெரிய காரியம்.

ரீச்சர் விளங்கப்படுத்தியதை எங்களுக்குப் பிடிபட்ட அளவில் சொல்கிறோம். ஒருவருடைய வசனத்தை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறிக்குள் போட்டு, எழுதியவர் பெயர், ஆண்டு, பக்கம் எழுதவேண்டும். சொந்த வசனத்தில் எழுதினாலும், மொழிபெயர்த்தாலும், கருத்து அவருடையது என்றால் பெயர் வரவேண்டும். அங்கொரு சொல் இங்கொரு சொல் மாற்றினால் அது சொந்த வசனம் ஆகாது. ஒஸ்லோ தலைநகரம் என்பதுபோல எல்லாருக்கும் தெரிந்ததற்கு ஒன்றும் தேவையில்லை. கடைசியில் எழுதியவர், ஆண்டு, தலைப்பு, வெளியிட்டவர் என்று ஒரு பட்டியல் வரும். இணையப் பக்கம் என்றால் பார்த்த திகதியும் வேண்டும்.

எங்களுக்கு இது விளங்கியது தொழிற்சாலையில்தான். ஒவ்வொரு மீன் பெட்டியிலும் ஒரு துண்டு ஒட்டியிருக்கும்: எந்தப் படகு, எந்தக் கடல், எந்தத் திகதி. துண்டு இல்லாத பெட்டியை, மீன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒதுக்கி வைக்கவேண்டும்.

தமிழுக்கும் இது புதிதில்லை. தொல்காப்பியர் தன் விதிகள் பலவற்றைப் 'புலவர் இப்படிச் சொல்வர்' என்ற கருத்தோடுதான் முடிக்கிறார் என்று ஊரில் தமிழ் வாத்தியார் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மகனோடு இருந்து தேடினோம். புதிய குடும்பங்கள் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டிய ஓர் இடம், 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம். ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நூலக எண், ஆசிரியர், வெளியீட்டு ஆண்டு போட்டிருப்பதால் பிள்ளைக்குப் பட்டியல் எழுதும் வேலை பாதி முடிந்துவிடும். நூலகர் என். செல்வராஜா யாழ் நூலகம் பற்றித் தனியாகவே தொகுத்திருக்கிறார். நோர்வேஜிய மொழியில் வேண்டுமென்றால் பெரிய நோர்வேஜியக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரைகளுக்கு எழுதியவர் பெயரும் உண்டு.

தேடும்போது ஒரு சங்கடம் வந்தது. பெரும்பாலும் 97,000 என்றிருக்க, நான்சி மறி என்பவர் 1984இல் எழுதிய ஆங்கிலக் கட்டுரையில் 95,000 என்றிருந்தது. குறைந்த தொகையை விட்டுவிடச் சொன்னோம். அவன் கேட்கவில்லை. "ரெண்டையும் ஆர் சொன்னது எண்டு எழுதுவம் அப்பா. மறைச்சாத்தான் எங்களை நம்பமாட்டினம்." அப்படியே எழுதினான்.

வீட்டில் பிள்ளையின் நோர்வேஜிய மொழி விளங்காத பெற்றோர் செய்யக்கூடிய உதவி ஒன்று இருக்கிறது. பிள்ளை கொப்பியில் குறிப்பு எடுக்கத் தொடங்கும் முதல் நாளே பக்கத்தில் இருந்து, "இது எங்க எடுத்தனீ?" என்று கேளுங்கள். எழுதி முடித்த பிறகு தேடப்போனால் விடியும்வரை இருக்கவேண்டும், இரவு வேலைக்காரருக்கு அது ஏலாது. கம்பியூட்டர் தானாக எழுதித் தரும் செயலிகளிடம் கேட்டிருந்தால் அதையும் ரீச்சரிடம் சொல்லவேண்டும்.

தாவீது அடிகளின் கதைக்கு மட்டும், வீட்டில் கேட்டதையும் மூலமாகக் காட்டலாம் என்றார் ரீச்சர். சொன்னவர் பெயர், திகதி, தொலைபேசி உரையாடல் என்று எழுதினால் போதுமாம். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு எடுத்து அப்பப்பாவைக் கேட்டான். அவர் அடுத்த நாள் காலை சைக்கிளில் போய்ச் சாம்பலைப் பார்த்தவர். அடிகளின் சாவைத் தான் காணவில்லை, சந்தையில் சனம் கதைத்ததைத்தான் கேட்டது என்றார். அதையும் அப்படியே எழுதினான். பிறகு தன் பெயர் நோர்வேக் கட்டுரையில் வரப்போகிறது என்று அறிந்ததும் அவருக்கு ஒரே ஒரு கவலை.

"தம்பி, இனிசலை விட்டிடாத. இந்தப் பேரில ஊரில நாலு பேர் இருக்கினம்."