திண்ணையில் அமரும் பிள்ளைக்கும் திடலில் இடம்

நமது ஊர்களில் புதிதாக ஒரு பள்ளிக்கூடம் எழும்பும்போது வகுப்பறைக்கு ஒருவர், கணினி அறைக்கு ஒருவர், தண்ணீர்த் தொட்டிக்கு ஒருவர் என நன்கொடை வழங்கப் பலர் முன்வருகின்றனர். விளையாட்டுத் திடலுக்கென்று பெயர்க்கல் பதித்தவரைக் காண்பது அரிது. கட்டடம் போக எஞ்சிய மண்ணே திடலாகி விடுகிறது. ஜல்லிக் குவியலும் துருவேறிய கம்பியும் அதிலேயே கிடக்கின்றன.

ஸஜ்தாவில் இருந்தபோது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொள்ள, அப்பிள்ளையின் ஆசை தீரட்டும் என்று ஸஜ்தாவையே நீட்டித்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று அறிவித்தவர்களும் அவர்களே. பிள்ளைகள் ஓடும் பாதையில் கிடக்கும் கம்பியை எடுத்தெறிவது அதில் சேராதா?

விளையாட்டுக் கருவிகளால் நேரும் காயங்களுள் பெரும்பாலானவை கீழே விழுவதால் ஏற்படுபவை. ஆகவே கருவியைக் காட்டிலும் அதன் அடியிலுள்ள தரையே முக்கியம். ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்திற்கும் கீழே சிமெண்டுத் தளம் கூடவே கூடாது. ஓரடி ஆழத்திற்கு மணல் நிரப்பி, மழையில் இறுகியதும் கிளறிவிட வேண்டும். கம்பிகளின் இடைவெளி மூன்றரை அங்குலத்திற்கும் ஒன்பது அங்குலத்திற்கும் இடைப்பட்டிருந்தால் சிறுபிள்ளையின் தலை சிக்கிக்கொள்ளும். சித்திரை வெயிலில் இரும்புச் சறுக்குமரம் தோலைச் சுட்டுவிடும். அதனை மரநிழலில் அமைப்பதே அறிவுடைமை. வேம்போ புங்கமோ நிழல் தரட்டும். முருங்கை வேண்டாம், அதன் கிளை முறிவதை அறியாதவர் யார்? காட்டாமணக்கு, அரளி, ஊமத்தை ஆகியவற்றை வேரோடு களைந்துவிட வேண்டும். காட்டாமணக்கு விதையைத் தின்ற மாணவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட செய்தி அடிக்கடி வருகின்றதே!

வளாகத்தில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். 2010-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இவற்றை மூடுவதற்கு நெறிமுறைகள் வகுத்தது. அதன் பின்னரும் 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றைப் பறிகொடுத்தோம்.

நமது பெண்பிள்ளைகளைக் குறித்துத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். தொங்கும் துப்பட்டாவும் கழுத்துக் கயிறும் சறுக்குமரத்தின் விளிம்பில் மாட்டினால் மூச்சையே நிறுத்திவிடக்கூடும். இதற்காக அவர்களை விளையாடாமல் தடுப்பது நியாயமன்று. தலையோடு பொருந்தித் தைத்த முக்காடும், மறைவான சுற்றுச்சுவரும் போதுமே.

இனி, எல்லாப் பள்ளிகளிலும் காணும் ஒரு காட்சி. விளையாட்டு மணி அடித்ததும் அனைவரும் ஓடிவிட, கால் வழங்காத பிள்ளை மட்டும் திண்ணையில் அமர்ந்து தோழர்களின் செருப்புகளுக்குக் காவலிருக்கும். பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முஅத்தினாகவும், மதீனாவில் தமது பிரதிநிதியாகவும் நாயகம் (ஸல்) அவர்கள் நியமித்த வரலாற்றை மேடைதோறும் பேசுகிறோம். நமது பள்ளித் திடலிலோ நான்கு படிகள் குறுக்கே நிற்கின்றன!

அப்படிகளின் பக்கத்தில் ஒரு சாய்தளம் போதும். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு. செங்குத்தாக அமைத்தால் சக்கர நாற்காலி பின்னோக்கி உருண்டுவிடும். மணலில் சக்கரம் புதையுமாதலால், ஊஞ்சல்வரை ஐந்தடி அகலத்தில் கெட்டியான பாதை வேண்டும். ஓர் ஊஞ்சலுக்கேனும் முதுகுச் சாய்வும் இடுப்புப் பட்டையும் அமைக்கலாம். மணலை இடுப்பளவு மேடைத்தொட்டியில் நிரப்பினால் நாற்காலியில் இருந்தவாறே விளையாடலாம். குடிநீரும் கழிப்பறையும் படியின்றி எட்டுமிடத்தில் இருத்தல் அவசியம்.

கல்வியுரிமைச் சட்டம், 2009 விளையாட்டுத் திடலையும் தடையற்ற வழியையும் வலியுறுத்துகிறது. அச்சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைச் சிலர் சுட்டிக்காட்டுவர். ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்களில் இப்பிள்ளைகளுக்கும் விளையாட்டில் சம வாய்ப்புக் கோருகிறது.

செலவை எண்ணித் தயங்கும் நிர்வாகிகள் சிறிதாகத் தொடங்கலாம். பார்வையற்ற பிள்ளை பந்தின் ஓசையைக் கேட்டே ஆடும். உள்ளே மணி வைத்த பந்து கிடைக்காவிடில், சாதாரணப் பந்தைச் சலசலக்கும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டினாலும் அன்றைய ஆட்டம் நடந்துவிடும்.