ஃப்ளூ ஊசி ஏன் ஆண்டுதோறும்?

“தட்டம்மைக்குக் குழந்தையில் போட்ட ஊசி ஆயுசுக்கும் காக்கிறது. ஃப்ளூவுக்கு மட்டும் ஏன் வருஷா வருஷம் போடச் சொல்கிறார்கள்?” நியாயமான கேள்வி. வைரஸ் வேகமாக உருமாறுகிறது என்பது வழக்கமான பதில். அது பாதி பதில்தான். மீதி, வைரஸின் மேல்புறத்தில் உள்ள ஒரு புரதத்தில் இருக்கிறது.

கோழி ரத்தம் காட்டிக்கொடுத்தது

1941இல் நியூயார்க்கில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர், ஃப்ளூ வைரஸை வளர்த்த கோழிக்கருவிலிருந்து திரவத்தை எடுத்துக்கொண்டிருந்தார். ரத்தக்குழாய் அறுந்து அதில் ரத்தம் கலந்துவிட, சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன. இந்தத் தற்செயல் நிகழ்வுதான் பிறகு சோதனை முறையாயிற்று. சிறு குழிகள் கொண்ட தட்டில் சிவப்பணுக்களை விட்டு வைத்தால், வைரஸ் இல்லாத குழியில் அவை அடியில் இறங்கிக் குங்குமப் பொட்டுபோல நிற்கும். வைரஸ் இருந்தால் பொட்டு விழாது. குழி முழுக்க மெல்லிய சிவப்புப் படலம் பரவியிருக்கும்.

ஒட்டவைப்பது வைரஸின் மேல்புறத்தில் உள்ள ஹீமக்ளூட்டினின் என்ற புரதம். எச்1என்1 என்பதில் உள்ள ‘எச்’ இதுதான். அது பற்றிக்கொள்வது சயாலிக் அமிலம் என்னும் சர்க்கரைப் பொருளை. சிவப்பணுவின் மேலும் அது உண்டு, நம் தொண்டை, மூச்சுக்குழாய் செல்களின் மேலும் உண்டு. ஃப்ளூ வந்தால் ரத்தம் கட்டிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். இந்த வைரஸ் பொதுவாக மூச்சுப்பாதையோடு நின்றுவிடும்.

பிழை எல்லோருக்கும் உண்டு

ஃப்ளூ வைரஸின் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளாக உள்ள ஆர்.என்.ஏ.; மொத்தம் சுமார் 13,500 எழுத்துகள். நகலெடுக்கும்போது விழும் பிழையைத் திருத்தும் ஏற்பாடு அதற்குக் கிடையாது. தட்டம்மை வைரஸுக்கும்தான் கிடையாது! ஆனாலும் 1954இல் பிரித்தெடுத்த தட்டம்மை வைரஸிலிருந்து உருவான தடுப்பூசி இன்றும் பலிக்கிறது. காரணம், தட்டம்மையின் மேற்புறப் புரதம் மாறினால் பெரும்பாலும் அதன் வேலையே கெட்டுவிடும். ஹீமக்ளூட்டினின் அப்படியல்ல. சர்க்கரையைப் பற்றும் குழியை ஓரளவு காப்பாற்றிக்கொண்டு, சுற்றியுள்ள பகுதிகளை மாற்றிக்கொண்டே போகும். நம் எதிர்ப்புச் சக்தி அடையாளம் வைத்திருப்பது பெரும்பாலும் அந்தப் பகுதிகளைத்தான்.

சில சமயம் பிடியே மாறுவதும் உண்டு. 1968இல் பரவிய எச்3என்2, 1990களில் கோழியின் சிவப்பணுக்களைச் சரிவர ஒட்டவைக்காமல் போயிற்று. ஆய்வுக்கூடங்கள் வான்கோழி, கினிப்பன்றி ரத்தத்துக்கு மாறின. மனிதரைத் தொற்றுவதை மட்டும் அது விடவில்லை.

யார் போட்டுக்கொள்ள வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடி, அடுத்த ஊசியில் எந்த வைரஸ் ரகங்கள் இருக்க வேண்டும் எனப் பரிந்துரைக்கிறது. போன வருட ஊசி இந்த வருடத்துக்குப் போதாது. கர்ப்பிணிகள், முதியவர்கள், ஆறு மாதம் கடந்த சிறு குழந்தைகள், சர்க்கரை நோய், ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்பதால், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே போடுவது நல்லது.

காய்ச்சலோடு மூச்சுத்திணறல் இருந்தால் வீட்டில் காத்திருக்காதீர்கள். ஃப்ளூ வைரஸை எதிர்க்கும் ஓசல்டாமிவிர் மாத்திரையை, அறிகுறி தோன்றிய முதல் 48 மணி நேரத்தில் தொடங்கினால்தான் நன்றாகப் பலிக்கும். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக், ஃப்ளூ வைரஸை ஒன்றும் செய்யாது.