மாசியில் சிவக்கும் சாலைகள்

அக்டோபர் பிறந்தால் காஷ்மீர் சினார் மரங்களின் படங்கள் கைப்பேசிகளை நிறைக்கின்றன. அந்தச் சிவப்பைத் தேடி விமானம் ஏற நினைப்பவர்கள் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கம் ஒரு நாள் காரில் போய்வரலாம். ஐப்பசியில் போனால் மழைதான் கிடைக்கும். காஷ்மீரில் குளிரும் குறுகும் பகலும் செய்கிற வேலையை இங்கே வறட்சி செய்கிறது. மண்ணின் ஈரம் வற்றுகிற மாசி, பங்குனியில்தான் வேம்பு மஞ்சளாகிக் கொட்டும். கொட்டிய வேகத்திலேயே செம்பு நிறத்தில் துளிர்க்கும். அரசும் இலுப்பையும் அப்படித்தான். பச்சையம் சிதையும்போது முதிர்ந்த இலையின் மஞ்சள் வெளிப்படுகிறது. துளிரின் சிவப்பு, இளம் இலையைக் கடும் வெயிலிலிருந்து காக்கும் நிறமி. உதிரும் முன்பே ரத்தச் சிவப்பாகும் நாட்டுப் பாதாமைச் சினாருக்குப் பக்கத்தில் தயங்காமல் வைக்கலாம்.

காலை வெயில் சாய்வாக விழும்போதே ஊசுடு ஏரிக்கரையில் தொடங்குவது நல்லது. 2008-இல் பறவைகள் சரணாலயமான அந்த ஏரியில் வலசை வந்த பறவைகள் சில மாசியிலும் தங்கியிருக்கும். பிறகு வில்லியனூர், மங்கலம், ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூர். வழியில் சற்று விலகினால் கீழூர். பிரெஞ்சு இந்தியா இந்தியாவுடன் இணைவது குறித்து 1954 அக்டோபர் 18-இல் 178 பிரதிநிதிகள் வாக்களித்து, 170 பேர் ஆதரித்த இடம். பாகூரில் மூலநாதர் கோயிலையும் ஏரியையும் பார்த்து முடிக்கலாம். வேகம் முப்பதைத் தாண்ட வேண்டாம்.

இங்கே ஒரே நிறத்தில் மலைச்சரிவே பற்றி எரிவதுபோன்ற காட்சி ஏது என்று கேட்பார்கள். உண்மைதான், இது காடில்லாத வயல்நாடு. நிழல்மரம் என்று இருப்பதெல்லாம் சாலையோரத்திலும் ஏரிக்கரையிலும் கோயில் குளத்தைச் சுற்றியுமே. ஆகவே சாலை அகலமாகும்போது இந்தப் பயணத்தின் காட்சியே போய்விடுகிறது. விழுப்புரம்–நாகப்பட்டினம் நால்வழிச் சாலை போன்ற பெருவழிகளில் பழைய புளியமர வரிசைகளின் கதி என்ன ஆனது என்பது அவ்வழியே போனவர்களுக்குத் தெரியும். விபத்தைக் குறைக்க அகலம் தேவை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் கிராமங்களை இணைக்கும் உள்சாலைகளுக்கும் அதே அளவுகோல் எதற்கு? பழைய வரிசையை நடுவே விட்டு, மறுபுறம் புதிய தடம் போட்டால் மரமும் மிஞ்சும், எதிரெதிர் வண்டிகளும் பிரியும். ஒன்றுக்குப் பத்தாக நடுகிறோம் என்பதும் பதிலாகாது. நடுவது கன்று, அது சாலைக்குக் குடை பிடிக்க ஒரு தலைமுறை ஆகும். நட்ட கன்றுக்கு இரண்டு கோடை தண்ணீர் ஊற்றுவது யார் என்பதற்கும் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. காஷ்மீரில் சொந்தத் தோட்டத்துச் சினாரை வெட்டக்கூட அரசு அனுமதி வேண்டும். பார்க்க ஆள் வருகிற மரத்துக்குப் பேச ஆள் இருக்கிறது. நம் புளிக்கும் இலுப்பைக்கும் அப்படிப் பேச ஆள் வேண்டும்.

வெட்டப்போகிற மரத்தில் பட்டையைச் சீவி எண் எழுதுவது வழக்கம். இந்த மாசியில் இலை பார்க்கப் போகிறவர்கள் அடிமரத்தையும் பாருங்கள். எண் இருந்தால் படமெடுத்து, கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தில் காரணம் கேளுங்கள்.