ஒக்கியம் மடுவில் வெள்ளம் ஏன் வடிய மறுக்கிறது

தென்சென்னைப் புறநகரில் பெய்யும் மழையில் பெரும்பகுதி கடலைச் சேர ஒரே வழிதான் உண்டு. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நாராயணபுரம் என்று ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியே வழியும் உபரிநீர் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பில் இறங்கும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, அதையடுத்து தெற்கு பக்கிங்ஹாம் கால்வாய், முடிவில் முட்டுக்காட்டுக்கு அருகே கோவளம் முகத்துவாரம். மடுவு கால்வாயில் சேரும் இடத்திலிருந்து கிழக்கே இரண்டு மூன்று கிலோமீட்டரில் கடல் இருக்கிறது. ஆனால் கரையோர மணல்மேடு மறித்து நிற்பதால் தண்ணீர் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் சுற்றிப் போகிறது. வழி நெடுக நிலம் தட்டை. கால்வாயோ 19ஆம் நூற்றாண்டில் படகுப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்டது. வெள்ளத்தைக் கணக்கில் வைத்து வெட்டியதல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கரணையின் நீர்ப்பிடிப்புப் பரப்பு ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர். இரண்டு நாளில் 40 சென்டிமீட்டர் மழை கொட்டுவதாக வைத்துக்கொண்டால், விழும் தண்ணீர் சுமார் 3.5 டி.எம்.சி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி.தான். இதில் பாதியை ஏரிகளும் மண்ணும் பிடித்துக்கொண்டாலும், மிச்சத்தை விநாடிக்கு 5,000 கன அடி வீதம் இரவு பகலாக வெளியேற்ற நான்கு நாள் ஆகும். அந்த நான்கு நாளும் தண்ணீர் எங்காவது தங்கியாக வேண்டும். சதுப்பில் இடம் இருந்தால் சதுப்பில் தங்கும், இல்லையென்றால் தெருவில் தங்கும்.

அந்த வேகத்தில் ஓடுவதும் கடல் விட்டால்தான். தண்ணீர் ஓட மேலும் கீழும் மட்ட வித்தியாசம் வேண்டும். இங்கே கீழ்மட்டத்தைத் தீர்மானிப்பது கடல். நாளுக்கு இருமுறை ஓதம் ஏறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் கூடுதலாக ஏறும். சில மணி நேரம் வடிகால் மந்தமாகி, ஓதம் இறங்கும்போது மீண்டும் வேகம் பிடிக்கும். முகத்துவாரத்தில் அலை கொண்டுவந்து போடும் மணல் திட்டு வாயைக் குறுக்கிவிட்டால் ஓதம் இறங்கினாலும் பயன் குறைவு. புயல் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகிலேயே கடலில் மெதுவாக நகர்ந்தது. மழையும் கடற்கொந்தளிப்பும் ஒரே நேரத்தில் வந்தன. 'கடல் தண்ணியை வாங்கல' என்று இங்கே மக்கள் சொல்வது துல்லியமான விளக்கம். மழை விட்ட பிறகும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதற்கு இதுவும் முக்கியக் காரணம்.

தெருத்தெருவாக மழைநீர் வடிகால் கட்டுவது அவசியம்தான். ஆனால் மேட்டுப்பகுதித் தண்ணீரை வேகமாகத் திரட்டிப் பள்ளத்துக்கு அனுப்பும் வடிகால், முகத்துவாரம் அகலாதவரை, பள்ளத்தில் இருப்பவரின் வெள்ளத்தைக் கூட்டவும் செய்யும். மேட்டுத் தெரு காய்ந்த அதே நேரத்தில் பள்ளத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஏறலாம். அதனால் இரண்டு முனையையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். மடுவின் குறுக்கே உள்ள பாலங்களின் கண்களுக்குப் போதிய அகலம் இருக்க வேண்டும். முகத்துவார மணலை வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பு எடுத்துவிட வேண்டும். கோடையில் எடுத்தால் ஐப்பசிக்குள் மறுபடி சேர்ந்துவிடும்.

கடலுக்கு நேராகவே ஒரு கால்வாய் வெட்டினால் என்ன? தூரம் குறையும், அதனால் நிச்சயம் பலன் உண்டு. ஆனால் அந்த வாயிலும் அதே ஓதம், அதே மணல். உப்புநீர் உள்ளே ஏறாமல் தடுக்கக் கதவு வைத்தால், கடல் உயர்ந்திருக்கும் நேரத்தில் அதை மூடித்தான் வைக்க வேண்டும். அப்போதும் உள்ளே தண்ணீர் காத்திருக்க இடம் தேவை.

என் பார்வையில் எல்லாவற்றுக்கும் முதன்மையானது அந்த இடம்தான். ஒருகாலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரவியிருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பில், 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது ஏறத்தாழ 1,247 ஹெக்டேர். வெள்ளம் நிற்கும் நிலத்தில் ஒரு ஹெக்டேரை ஒரு மீட்டர் உயரத்துக்கு மண்ணடித்து மேடாக்கினால், ஒரு கோடி லிட்டர் தண்ணீர் தங்கும் இடம் பறிபோகிறது. மேடாக்கியவர் வீட்டில் தண்ணீர் ஏறாது, பக்கத்து வீட்டில் ஏறும். ஒவ்வொரு மனையையும் தனித்தனியாகப் பார்த்து அனுமதி கொடுத்தால் இந்த இழப்பு எந்தக் கோப்பிலும் தெரியாது. மொத்த நீர்ப்பிடிப்பையும் ஒரே கணக்காகப் பார்க்கும்போதுதான் தெரியும்.

'நூறாண்டு வெள்ளம்' என்ற பேச்சும் பலரை ஏமாற்றுகிறது. ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த நூறாண்டு நிம்மதி என்று அதற்குப் பொருளில்லை. எந்த ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே பொருள். 30 ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது அதைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம், அதாவது நாலில் ஒன்று.

இந்தப் பக்கம் வீடு வாங்குவோர் சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய 'அ' பதிவேட்டைப் பார்ப்பது நல்லது. ஏரி, ஓடை, கழிவெளி, நீர்நிலைப் புறம்போக்கு என்று அதில் இருந்தால் வேறு இடம் பாருங்கள். பட்டா நிலமாகவே இருந்தாலும், 2015 வெள்ளத்திலும் 2023 வெள்ளத்திலும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது, எத்தனை நாள் நின்றது என்று தரைத்தளத்தில் குடியிருப்பவர்களிடம் கேளுங்கள்.