பகடை அதேதான், புத்தகம் புதிது

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட ஒரு மேசையும் நாலைந்து பேரும் போதும். பலகைகூடக் கட்டாயமில்லை. ஒருவர் கதையை நடத்துவார். அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தி வாள்வீராங்கனை, ஒருவன் மந்திரவாதி, இன்னொருவர் பூட்டுத் திறப்பதில் கெட்டிக்காரத் திருடர். "கோட்டை வாசலில் காவலன் மறிக்கிறான்" என்கிறார் மாஸ்டர். "அரண்மனை வைத்தியர் நான்தான் என்று பொய் சொல்லி உள்ளே நுழைகிறேன்" என்கிறார் திருடர். காவலன் நம்பினானா? மாஸ்டரே தீர்மானித்தால் அது அவருடைய கதையாகிவிடும். திருடரே தீர்மானித்தால் ஆட்டத்தில் சுவாரசியம் இருக்காது. இருவருக்கும் நடுவே நின்று தீர்ப்புச் சொல்லும் இயந்திரம்தான் விதிநூல்.

அந்த இயந்திரத்தின் அச்சு, இருபது முகப் பகடை. காவலனை ஏமாற்றுவது நடுத்தரக் கடினம் என்று மாஸ்டர் நினைத்தால் இலக்கு 15. திருடரின் பேச்சுத் திறமைக்கு 5 கூட்டிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்வோம். பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் காவலன் வழிவிடுவான். நூற்றுக்கு 55 வாய்ப்பு. கையில் மருந்துப் பையும் போலிக் கடிதமும் இருந்தால் மாஸ்டர் சாதக நிலை தரலாம். அதாவது பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வது. வாய்ப்பு ஏறத்தாழ 80க்குத் தாவிவிடும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் வெற்றிக்கு இந்த எளிமை ஒரு பெரிய காரணம். அதற்கு முன்பெல்லாம் மறைவுக்கு இரண்டு கழி, உயரமான இடத்துக்கு ஒன்று கூட்டு என்ற ரீதியில் கணக்குப் பார்த்தே பாதி இரவு போய்விடும்.

இப்போது அந்த ஐந்தாம் பதிப்பைத் திருத்தி மூன்று தடிமனான புத்தகங்களாக மறுபடி விற்கிறார்கள். ஆட்டக்காரர்களுக்கான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2024 செப்டம்பரில் வந்தது. மாஸ்டருக்கான டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட் அதே ஆண்டு நவம்பரிலும், அரக்கர், மிருகங்களின் தொகுப்பான மான்ஸ்டர் மானுவல் 2025 பிப்ரவரியிலும் வந்தன. ஒவ்வொன்றும் 384 பக்கம், அமெரிக்க விலை ஏறத்தாழ 50 டாலர். அலமாரியில் பழைய மூன்றும் நல்ல நிலையில் இருக்கும்போது இன்னொரு 150 டாலர் எதற்கு என்பது நியாயமான கேள்வி.

கொஞ்சம் பின்னால் போய்வரலாம். 1974இல் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து கேரி கைகாக்ஸ் இந்த ஆட்டத்தை வெளியிட்டார். ஒருகாலத்தில் காப்பீட்டு நிறுவனத்தில் இடர் கணித்த மனிதர். மின்னசோட்டாவின் டேவ் ஆர்னசன் அவருடைய இணை ஆசிரியர். ஒரு பெட்டி, அதற்குள் மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர். முதலில் 1000 பிரதிகள். அந்தப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு முழுதாக ஆட முடியாது என்பதுதான் வேடிக்கை. சண்டைக்குக் கைகாக்ஸின் பழைய போர் விளையாட்டு விதிநூலான செயின்மெயில் வேண்டும்; காட்டுவழிப் பயணத்துக்கு வேறொரு நிறுவனத்தின் பலகை விளையாட்டைச் சிபாரிசு செய்தார்கள். மிச்ச ஓட்டைகளை அவரவர் அடைத்துக்கொண்டார்கள், தாயக்கட்டத்துக்கு ஊருக்கு ஊர் ஒரு விதி இருப்பதுபோல. திருத்திக்கொண்டே ஆடுவது இந்த ஆட்டத்தின் பிறவிக் குணம். திருத்தத்துக்குக் காசு கேட்பது பின்னால் வந்த பழக்கம்.

அந்தப் பழக்கம் சூடு வாங்கிய வரலாறும் உண்டு. மூன்றாம் பதிப்பு 2000இல் வந்தது. வாங்கியவர்கள் அதைச் சரியாகப் புரட்டி முடிப்பதற்குள் 2003இல் 3.5 என்று ஒன்று வந்தது. 2008இல் நான்காம் பதிப்பு ஆட்டத்தையே தலைகீழாக மாற்றியபோது பலர் பின்தொடர மறுத்தார்கள். பைஸோ என்ற நிறுவனம் அவர்களுக்காக 3.5ஐயே செப்பனிட்டு, பாத்ஃபைண்டர் என்ற பெயரில் 2009இல் முழு விதிநூலாகக் கொண்டுவந்தது. இந்தமுறை வெளியீட்டாளரான விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் ஆறாம் பதிப்பு என்ற பேச்சையே எடுக்காமல், பழைய சாகசக் கதைகள் எல்லாம் இதிலும் ஓடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னதற்குப் பின்னால் அந்தச் சூடு இருக்கிறது.

உள்ளே என்னதான் மாறியிருக்கிறது? என் கணக்கில் முதலிடம் ஆயுதங்களுக்கு. பழைய விதியில் போர்வீரனின் முறை வந்தால் உருட்டு, வெட்டு, உட்கார். இப்போது ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு வித்தை. போர்க்கோடரி பட்டால் எதிரி நிலைகுலைந்து விழலாம். பெருவாள் குறி தவறினாலும் கொஞ்சம் காயம் உண்டு. குறுவாள் பட்டால் அதே எதிரிமேல் அடுத்த வீச்சுக்குச் சாதக நிலை கிடைக்கும். மந்திரவாதிகள் மட்டும் யோசித்து ஆடிய மேசையில் வாள்காரர்களுக்கும் யோசிக்க ஏதோ கிடைத்துவிட்டது. அடுத்தது குணப்படுத்தும் மந்திரம். முன்பு எட்டு முகப் பகடை ஒன்று, சராசரி 4.5, இப்போது இரண்டு, சராசரி 9. பழைய கணக்கில் அடிபட்டவர் மயங்கி விழும்வரை காத்திருந்து, பிறகு தட்டி எழுப்புவதுதான் லாபம். அந்த அபத்தம் இதில் ஓரளவு குறைகிறது.

எல்லாமே தேறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பலடின் என்ற புனிதப் போர்வீரன் ஒரே முறையில் அடிக்கு அடி தெய்வீகச் சக்தியைக் கொட்டலாம் என்றிருந்ததை, முறைக்கு ஒருமுறை மட்டும் என்று கட்டிவிட்டார்கள்; அந்தப் பாத்திரத்துக்காகவே ஆடியவர்களுக்கு அது கசப்பு. ஒளிந்துகொள்வதற்கான விதி முன்பும் குழப்பம், இப்போதும் குழப்பம். ஒளிந்தவர் 'கண்ணுக்குத் தெரியாத நிலை'யை அடைகிறார் என்று எழுதிவிட்டு, அது எப்போது கலைகிறது என்பதில் வாதத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். 384 பக்கம் எழுதியவர்கள் இன்னும் ஒரு பத்தி எழுதியிருக்கலாம்.

வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது இன்னொன்று: விதிகளில் பெரும்பகுதி இலவசம். 2023 ஜனவரியில், தன் விதிகளைப் பிறர் பயன்படுத்துவதற்கான உரிமத்தை இறுக்க விசர்ட்ஸ் நிறுவனம் முயன்றது. எதிர்ப்பு வெடித்ததும் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. திருத்திய விதிகளின் தொகுப்பும் 5.2 என்ற எண்ணோடு 2025 ஏப்ரலில் அதே உரிமத்தில் வெளிவந்தது. போர்வீரன், பலடின் போன்ற பன்னிரண்டு பாத்திர வகுப்புகளும் அதில் இருக்கின்றன. அச்சு நூலில் வகுப்புக்கு நான்கு கிளைகள் என்றால் இங்கே ஒன்று, அவ்வளவுதான். அதை இறக்கி இரண்டு மூன்று அமர்வு ஆடிப் பார்த்தால் ஆயுத வித்தைகள் உங்கள் மேசைக்குப் பிடிக்கிறதா என்பது செலவில்லாமல் தெரிந்துவிடும்.

பிடித்துவிட்டால், எல்லோரும் மூன்றையும் வாங்க வேண்டியதில்லை. பாதியில் நிற்கும் கதை இருந்தால் அதைப் பழைய விதியிலேயே முடியுங்கள்; அனுபவத்தில் பத்தாம் நிலையை எட்டிய பலடினின் கையை நடுவழியில் கட்டுவது நட்புக்கு நல்லதல்ல. புதிதாகத் தொடங்கும் குழுவுக்குப் பொதுவாக ஒரு பிளேயர்ஸ் ஹேண்ட்புக் போதும். மாஸ்டர்ஸ் கைட் விஷயத்தில் முதன்முறை கதை நடத்தப்போகிறவருக்குப் புதியது மிக மேல். 2014 நூல் எடுத்த எடுப்பிலேயே உலகங்களைப் படைக்கச் சொன்னது. புதியது ஓர் அமர்வை எப்படி நடத்துவது என்பதிலிருந்து தொடங்குகிறது. பல ஆண்டு அனுபவமுள்ளவர் அதை நண்பரிடம் இரவல் வாங்கிப் படித்தால் போதும்.

மின்பிரதியா அச்சா என்றால் நான் அச்சின் பக்கம். 2024 ஆகஸ்டில் இந்த ஆட்டத்தின் இணையச் சேவையான டி அண்ட் டி பியாண்ட், ஆட்டக்காரர்களின் பாத்திரத் தாள்களில் இருக்கும் பழைய மந்திரங்களுக்குப் பதிலாகப் புதியவையே வரும் என்று அறிவித்து, கூச்சல் எழுந்தபின் கைவிட்டது. அலமாரியில் உள்ள புத்தகத்தை யாரும் இரவோடிரவாகத் திருத்த முடியாது.

மூன்றில் ஒன்றே ஒன்று என்றால், மாஸ்டராக இருப்பவருக்கு நான் கைகாட்டுவது மான்ஸ்டர் மானுவல். உயர்நிலைப் பாத்திரங்களின் முன் பழைய அரக்கர்கள் சப்பென்று போய்விடுவார்கள். புதிய நூலில் 500க்கும் மேற்பட்டவை; பல முன்பைவிட மூர்க்கமானவை. ஓர் ஓநாயை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு அது கடித்தால், கீழே விழாமலிருக்க ஒரு பகடை வாய்ப்பு உண்டு. இப்போது மனித அளவுள்ளவர் யாரானாலும் கடிபட்டதும் விழுந்தாக வேண்டும். பழைய சாகசக் கதை ஒன்றில் நான்கு ஓநாய் என்று அச்சாகியிருந்தால், முதல் நிலைப் பாத்திரங்களின் முன் இரண்டை மட்டும் அவிழ்த்துவிடுங்கள்.