பக்கத்து சீட்டின் பாதிப் பேச்சு

"எத்தனை பவுன் கேக்கறாங்களாம்?"

காலை பதினொன்றரை மணி. நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்த அக்காவுக்கு ஊரிலிருந்து போன். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ம்... ம்... அய்யய்யோ, அப்படியா சொன்னாரு?" என்றார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, பையனுக்கு அது தெரியுமா?"

எது தெரியுமா? செக்‌ஷனில் இருந்த ஆறு பேருக்கும் அதே கேள்விதான். ஒரே பட்டியலை நான் மூன்றாவது முறையாகக் கூட்டிக்கொண்டிருந்தேன், மூன்று தடவையும் மூன்று விடை. எதிர் சீட்டுக்காரர் கால்குலேட்டரின் மேல் விரலை வைத்தபடி உறைந்திருந்தார். இத்தனைக்கும் அக்கா சத்தம் போட்டுப் பேசுகிறவர் அல்ல. வாயைப் பொத்திக்கொண்டு ரகசியம் போலத்தான் பேசினார். அதுதான் வம்பே.

ஒரு பக்கம் மட்டும் காதில் விழுந்தால்

டீக்கடையில் பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர் அரசியல் பேசிக்கொண்டிருந்தாலும் நம்மால் பேப்பர் படிக்க முடிகிறது. ஒருவர் மட்டும் போனில் பேசினால் படிக்க முடிவதில்லை. ஏன் என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் சோதித்துப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் நகரும் புள்ளியை மவுஸால் துரத்துவது போன்ற கவனம் தேவைப்படும் வேலைகளைக் கொடுத்து, பின்னணியில் விதவிதமான பேச்சை ஒலிக்க விட்டார்கள். இருவர் உரையாடலைக் கேட்டபோதோ ஒருவரே தொடர்ந்து பேசியதைக் கேட்டபோதோ வேலை பெரிதாகக் கெடவில்லை. போன் பேச்சின் ஒரு பாதியை மட்டும் கேட்டபோதுதான் தடுமாறினார்கள். அதே பாதிப் பேச்சை, சொற்கள் புரியாதபடி மங்கலாக்கி ஒலிக்கவிட்டபோது தடுமாற்றம் போய்விட்டது.

அதாவது தொல்லை சத்தத்தில் இல்லை, புரிவதில் இருக்கிறது. கேட்கிற பேச்சில் அடுத்து என்ன வரும் என்று மூளை எப்போதும் முன்கூட்டியே ஊகித்துக்கொண்டிருக்கும். பாதி காணாமல் போனால் ஊகம் தவறிக்கொண்டே இருக்கும். விட்ட இடத்தை நிரப்ப, நம் வேலையிலிருந்து கவனத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். நாம் வேண்டுமென்று ஒட்டுக்கேட்பதில்லை. காது தானாகப் போகிறது.

ஆகவே "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவருவது பாதி வைத்தியம்தான். எழுந்து வெளியே போய்ப் பேசுவதுதான் முழு வைத்தியம். (இரண்டு பக்கமும் கேட்டால் தொல்லை இல்லையென்றால் ஸ்பீக்கரில் போட்டுவிடலாமே என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். எதிர்முனையில் இருப்பவர் தன் வீட்டு விஷயத்தை உங்கள் ஆபீஸ் முழுவதற்கும் சொல்லவில்லை.)

எடுக்காத போனும் வேலை வாங்கும்

மேசை மேல் போன் ஒருமுறை உறுமுகிறது. நீங்கள் எடுக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டுப்பாடான ஆள் என்று உங்களை நீங்களே மெச்சிக்கொள்கிறீர்கள். ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து 2015இல் வெளியான ஆய்வு அந்த மெச்சலைக் கெடுக்கிறது. கவனம் தேவைப்படும் வேலையில் இருந்தவர்களுக்குக் கால் அல்லது மெசேஜ் வந்த அறிவிப்பு மட்டும் வந்தது, போனைத் தொடவில்லை. ஆனாலும் தவறுகள் கூடின. யாராக இருக்கும், ஸ்கூலிலிருந்தா, பேங்கிலிருந்தா என்று மனம் ஒரு நடை போய் வந்துவிடுகிறது.

போன் சத்தமே போடாமல் கண்ணெதிரே கிடந்தாலே மூளையின் திறன் குறைகிறது என்று டெக்சஸ் பல்கலைக்கழகக் குழு 2017இல் சொன்னது. போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு வந்தவர்களே சோதனையில் நன்றாகச் செய்தார்களாம். பின்னால் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களில் சிலருக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆகவே இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் போனை மேசை மேலிருந்து இழுப்பறைக்கு மாற்றிப் பார்க்கக் காசா, பணமா?

வராத போன் வந்ததாகத் தொடையில் அதிர்வு உணர்ந்திருக்கிறீர்களா? பயப்பட வேண்டாம், உங்களுக்கு ஏராளமான துணை உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு மருத்துவமனைப் பணியாளர்களிடம் கேட்டபோது 68 சதவீதம் பேர் இந்தப் பொய் அதிர்வை உணர்ந்ததாகச் சொன்னார்கள். 2010இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு அது. இது நோய் அல்ல. உடம்பு எந்நேரமும் காவலுக்கு நிற்கிறது என்பதன் அடையாளம்.

இடையூறு வந்தால் வேலை தாமதமாகும் என்றுதான் மேலாளர்கள் கவலைப்படுகிறார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க் 2008இல் கண்டது இன்னும் சுவாரசியமானது. அடிக்கடி இடையூறு வந்தவர்கள் வேலையைச் சீக்கிரமாகவே முடித்தார்கள். விட்ட நேரத்தைப் பிடிக்க ஓடினார்கள். பதிலுக்கு மன அழுத்தம், எரிச்சல், அவசரம் எல்லாம் கூடின. மேலாளரின் கணக்கில் நஷ்டம் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகள் மேல் விழும்போதுதான் தெரியும்.

5 கிலோ தலையும் 25 கிலோ மூட்டையும்

மதிய சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது ஒரு அலுவலகத்தின் சாப்பாட்டு அறையை எட்டிப் பாருங்கள். வலது கையில் தயிர் சாதம், இடது கையில் போன். தலை, டிபன் பாக்ஸுக்குள் விழுந்துவிடுவது போலக் குனிந்திருக்கும். சாதத்தைப் பார்க்காமலேயே கை வாய்க்குப் போகும், ஊறுகாய் தீர்ந்ததுகூடத் தெரியாது. காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன் விறைத்திருந்த கழுத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டிய அரை மணி நேரம் அது.

நம் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்திருக்கும்போது கழுத்தெலும்பு அதை அலட்சியமாகத் தாங்கும். குனியக் குனிய நெம்புகோல் கணக்கில் சுமை ஏறும். நியூயார்க் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் கம்ப்யூட்டர் மாதிரி வைத்துக் கணக்கிட்டபடி, 15 டிகிரி சாய்ந்தால் சுமார் 12 கிலோ, 60 டிகிரி குனிந்தால் சுமார் 27 கிலோ. வீட்டுக்கு வாங்குகிற அரிசி சிப்பம் 25 கிலோ. அதைப் பிடரியில் தூக்கி வைத்துக்கொண்டுதான் ரீல்ஸ் பார்க்கிறோம். இது மாதிரிக் கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். குனிந்தவர்களுக்கெல்லாம் கழுத்து வலி வந்தே தீரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரே கோலத்தில் நெடுநேரம் அசையாமல் இருப்பதுதான் பெரும்பாலும் தசையைப் படுத்துகிறது. போனைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் உயர்த்துங்கள். அல்லது போனை விட்டுவிட்டுச் சாதத்தைப் பாருங்கள்.

போனில் ஓயாமல் தட்டித் தட்டி, கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் வலிக்கிறது என்று சிலர் சொல்வார்கள். ஸ்விட்சர்லாந்து மருத்துவர் டி குவெர்வைன் 1895இல் விவரித்த கோளாறாக அது இருக்கலாம். கட்டைவிரலை அசைக்கும் தசைநார்கள் ஓடும் உறை தடித்துப்போகிறது. கைக்குழந்தையை ஓயாமல் தூக்கும் தாய்மார்களிடம் வழக்கமாகக் காணப்படுவது. கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சுள்ளென்று வலித்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கண்ணுக்கு எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான்: திரையைப் பார்க்கையில் இமைப்பது குறையும், கண் வறளும், 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி 20 விநாடி பாருங்கள். பிரேக் எடுக்கிறேன் என்று கம்ப்யூட்டரிலிருந்து போனுக்கு மாறுவது பிரேக்கில் சேராது.

பயப்படுவது ஒன்று, படுத்துவது ஒன்று

செல்போன் பற்றி எங்கே பேசப்போனாலும் கேட்கப்படும் முதல் கேள்வி கதிர்வீச்சு பற்றித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் ரேடியோ அலைகளை 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்' என்ற பட்டியலில் வைத்தது உண்மை. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பாட்டில் 2024இல் வெளியான விரிவான ஆய்வுத் தொகுப்பு, செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. இந்தியாவில் போனுக்கான கதிர்வீச்சு வரம்பு கிலோவுக்கு 1.6 வாட் என்று 2012 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. உங்கள் போனின் அளவை *#07# அடித்துப் பார்க்கலாம். பார்த்து நிம்மதியாகிவிட்டு, கழுத்தைக் கவனியுங்கள்.

பாத்ரூம் வரை கூடவே வரும்

அலுவலகத்தில் யாரும் தொந்தரவு செய்யாத இடம் என்று சிலர் கழிப்பறையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வெளியே மூன்று பேர் நிற்க, உள்ளேயிருந்து வீடியோவின் பின்னணி இசை கேட்கும். இங்கிதம் ஒருபுறம் இருக்கட்டும். பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு வந்த 125 பேரிடம் நடந்த ஆய்வு 2025இல் வெளியானது. கழிப்பறையில் போன் பார்ப்பவர்களுக்கு மூல நோய் இருக்கும் வாய்ப்பு 46 சதவீதம் அதிகமாக இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் காரணம் ஊகிக்கக் கூடியது. மேற்கத்திய பாணி இருக்கையில் அடியில் தாங்கல் இல்லாமல் நெடுநேரம் உட்கார்ந்தால் ஆசனவாய் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறும்.

கைகழுவும் பழக்கத்தை ஒட்டி பிரிட்டனின் 12 நகரங்களில் 2011இல் மாதிரிகள் எடுத்தபோது, ஆறு போன்களில் ஒன்றில் மலத்தில் காணப்படும் ஈ கோலி கிருமி இருந்தது. கையைக் கழுவுகிறோம், கழுவிய கையால் கழுவாத போனை எடுக்கிறோம். மருத்துவமனை வார்டிலும் கேன்டீன் சமையற்கட்டிலும் வேலை பார்ப்பவர்களுக்கு இது வெறும் அருவருப்பு அல்ல, அடுத்தவர் உயிர் சம்பந்தப்பட்டது. போனை அணைத்துவிட்டு, 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்கலாம். போன் மேல் நேரடியாகத் தெளிக்கக் கூடாது.

பூட்டி வைத்தால் தீருமா?

2022 மார்ச்சில் ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், அரசு ஊழியர்கள் வேலை நேரத்தில் சொந்தக் காரியத்துக்குச் செல்போன் பயன்படுத்துவது நல்ல வழக்கம் அல்ல என்று சொல்லி, விதிமுறை வகுக்கும்படி தமிழக அரசைக் கேட்டது. அலுவலகத்துக்குள் சக ஊழியர்களை வீடியோ எடுத்த விவகாரத்திலிருந்து கிளம்பிய வழக்கு அது. கவுன்டரில் கால் கடுக்க நின்று, அந்தப் பக்கம் ஒருவர் போனில் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்த யாருக்கும் அந்தக் கருத்து உவப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் பூட்டிப் பார்த்த இடங்களும் நம்மிடம் உண்டு. பல துணிக்கடைகளில் விற்பனைப் பெண்கள் காலையில் வந்ததும் போனை ஒப்படைத்துவிட வேண்டும். நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர்கள் அவர்கள். உட்கார நாற்காலி தர வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வேண்டியிருந்தது. போன் இல்லாததால் அவர்கள் கழுத்து குனியவில்லை, பொய் அதிர்வு இல்லை. ஆனால் பள்ளியில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யாரிடம் சொல்வது? இரவு கடை மூடியபின் போனைக் கையில் வாங்கும் நிமிடத்தில் அந்த முகங்களைப் பார்த்திருக்கிறேன். போனைப் பறிப்பது சுலபம். பறித்தால், அவசரத்துக்கு ஒரு லேண்ட்லைன் எண்ணும், அதை எடுத்துத் தகவல் சொல்ல ஓர் ஆளும் தர வேண்டும். அந்த எண்ணை வீட்டில் எழுதி ஒட்டிவிட்டால், ஆபீஸ்காரர்களாகிய நாமும் நிம்மதியாகப் போனை சைலண்டில் போடலாம்.

இரவு பத்தரை மணிக்கு அது யார் போன்?

வேலை நேரத்தில் சொந்தப் போன் கூடாது என்கிற அதே அலுவலகம், இரவு பத்தரை மணிக்கு அதே சொந்தப் போனில், வாட்ஸ்அப் குரூப்பில், "நாளை காலை ரிப்போர்ட் வேண்டும்" என்று போடுகிறது. பார்த்ததற்கு நீல டிக் விழுந்துவிடும், பார்க்காமல் இருந்தால் தூக்கம் வராது. கண்ணில் படும் வெளிச்சத்தைவிட அந்த ஒரு வரிதான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது என் அனுபவம். பிரான்சில் 2017இலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலும் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டமாக வந்தது. நம் நாடாளுமன்றத்தில் 2018 டிசம்பரில் சுப்ரியா சுலே இதற்காகக் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. பகலில் ஊழியரிடம் ஒழுங்கு கேட்கும் மேலாளர், இரவில் தன் விரலுக்கும் அதே ஒழுங்கைப் போட்டுக்கொள்ளத் தயாரா? இதைக் கேட்காமல் சுவரில் 'செல்போன் தவிர்க்கவும்' என்று ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இழுப்பறையும் மாடிப்படியும்

எங்கள் செக்‌ஷனில் சுற்றறிக்கை எதுவும் வரவில்லை. அந்தப் பட்டியல் தப்பாகப் போய் எனக்குத் திட்டு விழுந்தபின், நாங்களே பேசி வைத்துக்கொண்டோம். போன் இழுப்பறைக்குள், அதிர்வும் அணைத்து. வீட்டு எண்களுக்கு மட்டும் மணி அடிக்கும்படி வைத்துக்கொள்ளலாம், போனிலேயே அதற்கு வசதி இருக்கிறது. பதினொன்றுக்கும் மூன்றரைக்கும் டீ வரும்போது எடுத்துப் பார்ப்பது. கால் வந்தால் மாடிப்படிக்குப் போய், நடந்துகொண்டே பேசுவது. இதில் ஒரு லாபம், நாள் முழுக்க நாற்காலியில் கிடந்த கால்கள் நாலு படி ஏறி இறங்கின. முதல் வாரம் எல்லோரும் திருட்டுத்தனமாக இழுப்பறையைத் திறந்து பார்த்தோம். ஒருவருக்கொருவர் அகப்பட்டுக்கொண்டு சிரித்தோம். மூன்றாவது வாரத்தில் இழுப்பறைச் சத்தம் குறைந்துவிட்டது.

அக்கா மட்டும் முதலில் கொஞ்சம் முறைத்துக்கொண்டார், தன்னைத்தான் சொல்கிறோம் என்று. பிறகு அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு படிக்கட்டுக்குப் போக ஆரம்பித்தார். அந்த வரன் தகையவில்லை என்பதே ஒரு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பையனுக்கு எது தெரியுமா என்று கேட்டார் என்பது இன்றுவரை தெரியாது.